தறி போட்ட குடியானவர்

ஆற்றுக்கு அணியாக அமைந்த ஊர் என்று ஆரணிக்குப் பெயர்க்காரணம் கூறுவார்கள். அந்த ஆறாகிய கமண்டல நாகநதியோ வருஷத்தில் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடந்து, ஐப்பசி கார்த்திகை மழையில்தான் நீரோட்டம் காண்பது. 1751-ல் கிளைவும், 1782-ல் ஹைதர் அலியும் படை நடத்திய களம் என்ற அளவில் சரித்திர புஸ்தகங்களில் இவ்வூருக்கு இரண்டொரு வரி இடம் உண்டு. மராட்டியப் பிராமணக் குடும்பமொன்று தலைமுறை தலைமுறையாக ஜாகீர் நடத்திய கதையும் உண்டு. ஆனால் கோட்டைகளையும் ஜாகீர்தார்களையும்விட என் மனத்தை அதிகமாகக் கவர்வது, சுற்றுக் கிராமங்களில் அரை ஏக்கரும் ஓர் ஏக்கரும் வைத்து ஜீவனம் செய்த குடியானவர்கள், தங்கள் பரம்பரைக்கே அந்நியமான பட்டுத் தறியை வீட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்திய வரலாறுதான்.

நெசவு ஆரணிக்குப் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆரணி மஸ்லின் என்றால் மென்மைக்குப் பேர்போன பருத்தித் துணி. இயந்திரத் துணியின் முன் அது மங்கிப்போக, பட்டு தலையெடுத்தது. சௌராஷ்டிரரும் செங்குந்தரும் அதைக் குலத்தொழிலாகப் பேணினார்கள். தறி நெசவாளனுக்கு, ஏர் குடியானவனுக்கு என்பதே நெடுங்காலச் சம்பிரதாயம்.

குடியானவன் புதியதைத் தொட அஞ்சுபவன் என்று நகரவாசிகள் எண்ணுவது பெரும் பிழை. வட ஆர்க்காட்டுக்காரர்கள் இன்றும் மல்லாட்டை என்றழைக்கும் மணிலாக்கொட்டை, நூறு வருஷங்களுக்கு முன்பே புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்ஸ் தேசத்து மார்சேய் நகர எண்ணெய் ஆலைகளுக்குப் போயிற்று; அந்தச் சந்தையை நம்பிப் புன்செயில் பயிரை மாற்றியவன் இந்தச் சிறு குடியானவனே. பிறகு கிணற்றில் பம்புசெட் வந்தது, குட்டை ரக நெல் வந்தது, களம்பூர் வட்டாரத்து அரிசி ஆலைகள் பெருகின. பம்புகள் பெருகப் பெருகக் கிணறுகள் ஆழமாயின. ஆழப்படுத்த வாங்கிய கடனும் அதனோடு ஆழமாயிற்று. நிலத்தையும் மழையையும் மட்டும் நம்பினால் குடும்பம் கரையேறாது என்று கண்ட அந்த வேளையில்தான், 1970-களிலும் அதன் பின்னரும், தறியின் சத்தம் உழவர் தெருக்களில் கேட்கலாயிற்று. 1973 முதல் ஆரணியையும் அதன் கிராமங்களையும் திரும்பத் திரும்ப வந்து ஆராய்ந்த ஆங்கிலப் பொருளாதார அறிஞர் பார்பரா ஹாரிஸ்-வைட்டும் அவருடைய சகாக்களும், பட்டு நெசவு குலநெசவாளரின் எல்லையைக் கடந்து விவசாய ஜாதிகளிடம் பரவியதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

தறி போடுவது எளிய காரியமா? வீட்டுக்குள் குழி வெட்ட வேண்டும். தறிமரம், அச்சு, விழுது, ஜக்கார்டு பெட்டி, அதற்கான அட்டைகள் என்று கைப்பணம் கரையும். தொழிலோ அதைவிடக் கடினம். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன விரலில் பட்டு இழை மாட்டிக்கொண்டு அறுந்துவிடும். பழைய பாவு தீர்ந்ததும் புதிய பாவின் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக, சாம்பல் தொட்ட விரலால் முறுக்கிப் பிணைக்கும் வேலைக்கு நாற்று நடவில் காட்டும் பொறுமையைப்போல் இருமடங்கு பொறுமை வேண்டும். அந்தப் பொறுமையைப் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே கொடுத்தார்கள் என்பதைச் சொல்லாவிட்டால் இந்த வரலாறு பாதிப் பொய்யாகிவிடும். பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகளும் முன்பணத்துக்காகப் பிறர் தறியில் உட்கார்ந்தார்கள். அதை நினைத்து வருந்தாமல் இத்தொழிலின் வளர்ச்சியைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

துணிச்சல் குடியானவனுடையது, ஆனால் மூலதனம் அவனுடையதன்று. கர்நாடகத்துப் பட்டு நூலும் சூரத்து ஜரிகையும் விலையுயர்ந்தவை. ஆகையால் பாவும் ஊடையும் முதலாளி கொடுப்பார், குடியானவன் கூலிக்கு நெய்து கொடுப்பான். முன்பணம் தீரும்வரை வேறு முதலாளியிடம் போக இயலாது. கூட்டுறவுச் சங்கங்கள் இந்தக் கட்டைத் தளர்த்தப் பிரயத்தனம் செய்தன. சங்கத்தில் வேலை குறைந்த மாதங்களில் மறுபடியும் முதலாளியின் வாசல்தான். இப்படியிருந்தும் ஒரு தறி இரண்டாகி, இரண்டு நான்காகி, அண்டை வீட்டாருக்குத் தானே பாவு கொடுக்கும் நிலைக்கு உயர்ந்தவர்களும் உண்டு. ஏட்டில் தொழில்முனைவோர் என்று பெயர் பெறாத அவர்களுடைய சாமர்த்தியத்தை நான் எந்த ஆலை அதிபரின் சாமர்த்தியத்துக்கும் குறைத்து மதிக்கமாட்டேன்.

களத்தில் கதிரடிக்கும் நாட்களில், தூசி படாமல் தறியின்மேல் பழைய வேட்டியைப் போர்த்தி வைப்பார்கள். மாலையில் கைகால் கழுவிக்கொண்டு குழியில் இறங்குவார்கள். புடவை முடிந்ததும் அதை வெள்ளைத் துணியில் சுற்றி, சைக்கிளில் ஆரணிக்குக் கொண்டுபோக, முதலாளி தராசில் நிறுத்து, வாங்கிய நூலுக்கும் ஜரிகைக்கும் எடை சரிபார்த்து, முன்பணத்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு மீதிக் கூலியைத் தருவார். திரும்பும் வழியில், சைக்கிள் கேரியரில் யூரியா மூட்டை கட்டியிருக்கும்; புதுப் பாவு, கசங்காதபடி, மூட்டையின்மேல்.