முகத்துவாரத்தில் படித்த பையன்

பஸில் ஹோர்ஸ்ஃபோல் என்ற பெயரை எங்கள் சரித்திர வகுப்பில் நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. முதலாம் உலக யுத்தம் எங்களுக்கு சரஜேவோவில் தொடங்கி வெர்சேயில் முடிந்த பாடம். சோதனைக்கு ஐந்து காரணங்களைப் பாடமாக்கினால் போதும்.

ஹோர்ஸ்ஃபோல் 1887 ஒக்டோபர் 4ஆம் திகதி கொழும்பில் பிறந்த ஆங்கிலேயர். புனித தோமஸ் கல்லூரியில் படித்தார். அக்கல்லூரி அப்போது முகத்துவாரத்தில் இருந்தது. கல்கிசைக்கு மாறியது அவர் இறந்த 1918ஆம் ஆண்டிலேதான். பின்னர் இங்கிலாந்தில் படித்துத் திரும்பி, இங்கே றப்பர்த் தோட்டத்திலும் அரசாங்க உத்தியோகத்திலும் இருந்தார். 1916இல் மீண்டும் கப்பலேறி, கிழக்கு லங்காஷயர் படைப்பிரிவில் இரண்டாம் லெப்டினன்ட் ஆனார். அவர் சேர்ந்த 11ஆவது பட்டாளம் அக்ரிங்டன் என்ற சிறு பட்டினத்தையும் அயலூர்களையும் சேர்ந்த இளைஞர்களைக் கொண்டு திரட்டப்பட்டது. 1916 ஜூலை முதலாம் திகதி காலை சோம் போர்முனையில் அந்தப் பட்டாளத்தில் முன்னேறிய ஏறத்தாழ 720 பேரில் 584 பேர் இறந்தோ காயப்பட்டோ காணாமற் போயோ விட்டனர். ஒரே தெருவில் எத்தனை வீட்டுத் தாய்மாருக்கு ஒரே கிழமையில் செய்தி வந்திருக்கும்!

1918 மார்ச் 27. ஜெர்மானியரின் பெருந்தாக்குதல் தொடங்கி ஆறு நாட்கள். வட பிரான்சில் மொயன்வில், அப்லான்செவெல் என்னும் கிராமங்களுக்கு இடையே ஹோர்ஸ்ஃபோலின் முன்னணிப் பிரிவுகள் பின்தள்ளப்பட்டன. தலையிலே காயம். எஞ்சியவர்களைச் சேர்த்துக்கொண்டு திருப்பித் தாக்கி இழந்த இடத்தை மீட்டார். மருந்து கட்டப் போகச் சொன்னபோது மறுத்தார். அவருடைய கம்பனியின் மற்ற மூன்று அதிகாரிகளில் இருவர் இறந்தும் ஒருவர் காயப்பட்டும் இருந்தனர். மறுபடியும் ஒரு தாக்குதல். பின்வாங்கும்படி கட்டளை வந்ததும் கடைசி ஆளாக வெளியேறினார். தேவைப்பட்டிருந்தால் இன்னும் தாக்குப்பிடித்திருக்கலாம் என்று சொல்லிக்கொண்டு வந்தவர், பின்னணி நிலைக்குத் திரும்பும் வழியில் கொல்லப்பட்டார். வயது 30. விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது, உடல் கிடைக்கவில்லை.

இத்தகையோரின் நினைவாகத்தான் நவம்பர் 11இல் இங்கும் பொப்பிப் பூ விற்றார்கள். சேர்ந்த பணத்தின் பெரும்பகுதி பிரித்தானியாவுக்குப் போனது. அதே யுத்தத்துக்குப் போய்வந்த இந்நாட்டுப் படைவீரர் கைக்கு வந்தது சொற்பம். இதை எதிர்த்துத் தொடங்கியதே சூரிய மல் இயக்கம். சூரிய மல் என்பது வேறொன்றுமல்ல, நம் வேலியோரத்துப் பூவரசம் பூ. இங்கிலாந்திலிருந்து வந்து பெண்கள் பாடசாலை அதிபராகக் கடமையாற்றிய டொரீன் யங் 1933இல் பத்திரிகையில் எழுதிய கட்டுரை இயக்கத்துக்கு உயிரூட்டியது. அவரே பின்னாளில் பாராளுமன்றம் சென்ற டொரீன் விக்கிரமசிங்க. மலேரியா கொள்ளைநோய் பரவிய 1934–35இல் இவ்வியக்கத்தினர் கிராமம் கிராமமாகச் சென்று பணியாற்றினர்.

பூவரசம் பூவைச் சூடியவர்கள் இறந்த வீரரை அவமதித்ததாக அக்காலத்தில் சிலர் குறைபட்டனர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உண்டியலில் விழும் சதம் எங்கே போகிறது என்று கேட்பதில் ஹோர்ஸ்ஃபோலுக்கு என்ன குறை?

பிரான்சின் அராஸ் நகரில், கல்லறை இல்லாத ஏறத்தாழ 35,000 பேரின் பெயர்கள் பொறித்த சுவர்கள் உள்ளன. முகத்துவாரத்தில் படித்த பையனின் பெயரும் அங்கே இருக்கிறது. அந்தப் பக்கம் போகும் நம் பிள்ளைகள் யாராவது தேடிப் பார்க்கட்டும்.