தரையின் நிறமும் இறாலின் நிறமும்

திருகோணமலை உள்துறைமுகத்தை ஒட்டிய ஓர்ஸ் ஹில், அதாவது உவர்மலை, 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளம் இயங்கிய துறைமுக வட்டாரத்தைச் சேர்ந்தது. போர்க்கப்பல்களால் பெயர்பெற்ற இவ்வட்டாரத்துக்குக் கண்ணாடித் தொட்டிகளுக்கான கடலுயிர் வணிகத்திலும் ஓர் இடம் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்றால் மேற்கு, தெற்குக் கரைகள் கொந்தளிக்கும் மாதங்களில் கிழக்குக் கடல் தெளிந்து கிடப்பதால், அலங்கார மீன் பிடிக்கும் சுழியோடிகள் அப்பருவத்தில் திருகோணமலைப் பக்கம் வந்து முருகைக்கற் பார்களில் தொழில் செய்வது வழக்கமாயிற்று. இலங்கையிலிருந்து ஏற்றுமதியாகும் இறால்களுள் சுத்திகரிப்பு இறால் ஒன்று. சிவந்த முதுகின் நடுவே வெண்கோடு ஓடும் இது, மீன்களின் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்பது. அதன் கோலம் ஒளிவதற்காக அன்றி, மீன்களுக்குத் தன்னை அறிவிப்பதற்காக அமைந்தது. மாறாக, கடற்புல்லிலும் குளத்துப் பாசியிலும் மறைந்து வாழும் சிற்றிறால்கள் பலவற்றின் நிறம் தரையைப் பொறுத்து மாறுவது. அது எவ்வாறு நிகழ்கிறது என்பதை அறிய விஞ்ஞானத்துக்கு ஏறத்தாழ 130 ஆண்டுகள் பிடித்தன.

டென்மார்க்கு விலங்கியலாளர் ஹென்ரிக் குரோயர் 1842 இல் இறாலின் நிறமாற்றத்தைப் பதிவுசெய்தார். 1870களில் பிரெஞ்சு அறிஞர் ஜோர்ஜ் பூஷே, கண்களை இழந்த இறால் தரைக்கேற்ப நிறம் மாறுவதில்லை எனக் காட்டியதால், தரையை உணர்வது தோலன்று, கண்ணே என்பது புலனாயிற்று. 1900 இல் பிரெடரிக் கேம்பிளும் பிரெடரிக் கீபிளும் ஹிப்போலைட் வேரியன்ஸ் என்னும் கடல் இறாலைப் பற்றி வெளியிட்ட விரிவான ஆய்வு, பகலில் தாம் தங்கும் பாசிக்கேற்பப் பச்சை, பழுப்பு, சிவப்பு என வேறுபடும் இவ்விறால்கள் இரவானதும் ஒன்றுபோல ஊடுருவித் தெரியும் நீலநிறம் கொள்வதை எடுத்துக்காட்டியது. இவர்களுள் கீபிள், அதற்கு முன்னர் இலங்கையின் தாவரங்களை ஆராய்ந்து, மரக்கிளைகளில் ஒட்டி வளரும் குருவிச்சைக் குடும்பத்தைப் பற்றி 1896 இல் கட்டுரை வெளியிட்டவர்.

இறாலின் ஓட்டுக்கு அடியில், நிறத்தாங்கிகள் எனப்படும் கிளைவிட்ட கலங்கள் உள்ளன. அவற்றினுள் இருக்கும் நுண்ணிய நிறமணிகள் கிளை நுனிவரை பரவினால் உடல் நிறம் செறியும், நடுவே குவிந்தால் வெளிறும். 1920களில் ஜெர்மானியரான கொட்வால்ட் கொல்லர், கருந்தரையில் இருண்டிருந்த இறாலின் குருதியை வெண்தரையில் வெளிறியிருந்த இறாலுக்கு ஏற்றியபோது, பின்னது வெண்தரையில் இருந்தபடியே இருண்டது. ஆகவே கண்ணின் செய்தியைத் தோலுக்குக் கொண்டுசெல்வது குருதியில் கலந்த ஒரு பொருள் எனத் தெரிந்தது. செந்நிற மணிகளைக் குவிக்கும் பொருள் கண்ணைத் தாங்கும் காம்பில் இருப்பதை 1928 இல் அமெரிக்கரான ஏர்ல் பேர்க்கின்ஸ் கண்டார். அது 8 அமினோ அமிலங்களாலான ஓமோன் என்பதை 1972 இல் சுவீடன் ஆய்வாளர் பேர்ன்லுண்டும் ஜோசப்சனும் நிறுவினர்.

தொட்டி வளர்ப்பில் இன்று பரவலாகக் காணப்படும் செர்ரி இறால், கிழக்காசிய நீர்நிலைகளின் பழுப்பும் பச்சையுமான இறாலிலிருந்து, சிவந்தவற்றையே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து உருவாக்கப்பட்டது. கறுப்புச் சரளையில் செக்கச்சிவந்து நிற்கும் அதே இறால் வெண்மணலில் வெளிறுவதற்குக் காரணம் மேற்கூறிய ஓமோன் இயக்கமே. எனினும் தரை, இருக்கும் நிறப்பொருளைப் பரப்பவோ குவிக்கவோ வல்லதேயன்றி, இல்லாததை உண்டாக்க வல்லதன்று. அஸ்டாக்சாந்தின் எனப்படும் செந்நிறப் பொருளுக்கான மூலத்தை இறால் பாசியிலிருந்தும் பிற உணவிலிருந்துமே பெறவேண்டும். மட்டக்களப்பில் தொடங்கிப் பின்னர் போர்ச்சூழலால் வடமேற்குக் கரைக்கு நகர்ந்த இறால் பண்ணைத் தொழிலுக்கும் தரையின் இவ்விளைவு பொருந்தும்: இருண்ட தொட்டியில் வைக்கப்பட்ட கறுப்புப் புலி இறால் அவித்தபின் கூடுதலாகச் சிவப்பதை அவுஸ்திரேலிய ஆய்வுகள் காட்டியுள்ளன.

இலங்கையின் நன்னீர்ச் சிற்றிறால்களை 1962 இல் விவரித்த கே. டி. அருட்பிரகாசம், எச். எச். கொஸ்தா போன்ற வகைப்பாட்டாளர்கள் இனங்களைப் பிரித்தறிய நிறத்தை நம்புவதில்லை; மதுசாரத்தில் இட்ட மாதிரி நிறமிழந்துவிடுமாதலால், நெற்றி முள்ளின் பற்களும் கால்களின் அமைப்புமே அவர்களுக்குச் சான்று. வணிகமோ நிறத்துக்கே விலை வைக்கிறது. கடையின் கருஞ்சரளையில் சிவந்திருந்த இறால் வீட்டு வெண்மணலில் வெளிறினால், அதை உடனே நோய் என்றோ கலப்பினம் என்றோ தீர்மானிப்பதற்கு இடமில்லை. தரையை மாற்றியும் நிறம் திரும்பாதபோதே உணவையும் நீரையும் இனவழியையும் ஐயுற வேண்டும்.