மலையைக் கடந்த வழி

சென்னைக்கும் மும்பைக்கும் இடையே உள்ள தொலைவு எவ்வளவு என்று கேட்டால், மாணவர் பலர் உடனே ஓர் எண்ணைச் சொல்லிவிடுவர். "எவ்வழியே?" என்று திருப்பிக் கேட்பவனே பூகோளத்தை நன்கு கற்றவன். வானூர்தி செல்லும் நேர்க்கோட்டில் அத்தொலைவு ஏறத்தாழ 1,030 கிலோமீட்டர். பெங்களூரு, ஹூப்ளி, கோலாப்பூர், புனே ஆகிய நகரங்களின் வழியே செல்லும் தங்க நாற்கர நெடுஞ்சாலையிலோ ஏறத்தாழ 1,290 கிலோமீட்டர். வானில் இரண்டு மணி நேரத்திற்குள் முடியும் பயணம், சாலையில் ஏறக்குறைய ஒரு பகலையும் ஓர் இரவையும் கொள்கிறது.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது? சாலை ஊர்களை நாடிச் செல்வது ஒன்று. நிலத்தின் மேடுபள்ளங்களுக்கு இணங்கி வளைந்து செல்வது மற்றொன்று. மும்பைக்குக் கிழக்கே மேற்குத் தொடர்ச்சி மலை மதிலென நிற்கிறது. அம்மதிலில் அமைந்த வாயில்களுள் ஒன்றே போர்காட் என்னும் கணவாய்.

நாளொன்றுக்கு 25 கிலோமீட்டர் செல்லும் மாட்டுவண்டி இந்நெடுவழியைக் கடக்க ஐம்பது நாட்களுக்கு மேலாகும். போர்காட்டில் வண்டிகள் ஏறத்தக்க சாலை 1830-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. பின்னர் இருப்புப்பாதையின் காலம் வந்தது. 1853-இல் பம்பாயிலிருந்து தாணா வரையிலும், 1856-இல் சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையிலும் புகைவண்டி ஓடிற்று. இவ்விரு பாதைகளும் கைகோக்க வேண்டுமாயின் மலையைக் குடைந்தாக வேண்டும் அன்றோ?

போர்காட் வேலை 1856-இல் தொடங்கியது. இருபத்தைந்து சுரங்கங்கள் குடையப்பட்டன. வேலை உச்சத்தில் இருந்தபோது நாற்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர் அங்கு உழைத்தனர். பணியை ஏற்ற ஒப்பந்தக்காரர் சாலமன் டிரெட்வெல் 1859-இல் நோயுற்று இறந்தார். அவர் மனைவி ஆலிஸ் பொறியாளர்களின் துணைகொண்டு அவ்வொப்பந்தத்தை நிறைவேற்றினார். 1863-இல் மலைப்பாதை திறக்கப்பட்டது. 1871-இல் சென்னைப் பாதையும் பம்பாய்ப் பாதையும் இராய்ச்சூரில் இணைந்தன. ஐம்பது நாள் வழி சில நாள் வழியாயிற்று.

வானம் திறந்தது 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள். அன்று ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து அஞ்சல் பைகளைச் சுமந்த சிறு விமானத்தைப் பம்பாய்க்கு ஓட்டி வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அவ்வஞ்சலைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு வந்தார். பிற்காலத்தில் அதே வான்வழியில் பயணிகளும் செல்லலாயினர். இன்று விமானத்தில் அமர்ந்திருப்பவர் அம்மலையைச் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறார்.

மாணவர்களே! இரு நகரங்களும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. குறைந்தது காலம் மட்டுமே. அக்காலத்தைக் குறைத்தவர் யார்? டாட்டாவின் பெயரும் டிரெட்வெல்லின் பெயரும் நூல்களில் உள்ளன. ஆனால், போர்காட்டில் காலராவுக்கும் விபத்துகளுக்கும் இரையான கூலியாட்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்களின் பெயர்களை வரலாறு குறித்து வைக்கவில்லை. இனி நிலப்படத்தில் இரு நகரங்களுக்கிடையே கோடு இழுக்கும்போது, மலை குறுக்கிடும் இடத்தில் சற்றே பென்சிலை நிறுத்துங்கள். அப்பெயரற்றவர்களை நினைத்துப் பார்த்தபின் கோட்டைத் தொடருங்கள்.