கேமரன் மலை: நிலமும் மக்களும்

ஒரு நிலப்பகுதியின் பூகோளத்தை அறிதல் என்பது, அங்குள்ள மலைகளின் உயரத்தையும் ஆறுகளின் பெயரையும் நெட்டுருச் செய்வதோடு முடிந்துவிடுவதில்லை. அந்நிலத்தில் யார் குடியேறினர், எதன்பொருட்டுக் குடியேறினர், அவர்தம் உழைப்பால் நிலம் எவ்வாறு மாறிற்று, மாறிய நிலத்தில் அவர்க்குக் கிடைத்த பங்கு யாது என்பனவும் சேர்ந்ததே முழுமையான பூகோளமாகும். நம் தோட்டப்புறத்துப் பிள்ளைகளிடம் இமயச் சிகரத்தின் உயரத்தைக் கேட்டால் உடனே விடை சொல்லுவர். தம் பாட்டன் எந்த ஆண்டில், எந்த ஊரிலிருந்து இம்மலைக்கு வந்தான் என்று கேட்டாலோ, பலரும் வாய்மூடி நிற்பர். இக்குறையை ஒருசிறிதேனும் போக்கும் நோக்கத்துடன், பகாங் மாநிலத்துக் கேமரன் மலையின் நிலத்தையும் மக்களையும்பற்றி ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

பகாங்கின் வடமேற்கு மூலையில், வடக்கே கிளந்தானும் மேற்கே பேராக்கும் எல்லைகளாக அமைந்தது கேமரன் மலை மாவட்டம். அதன் பரப்பு 712 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூர்க் குடியரசின் பரப்பைவிடச் சிறிதே குறைவு. ரிங்லெட், தானா ராத்தா, உலு தெலோம் என மூன்று முக்கிம்களாக அது பிரிக்கப்பட்டுள்ளது. இவற்றுள் உலு தெலோம் மட்டுமே பத்தில் ஒன்பது பங்கு நிலத்தைக் கொண்டது. அதிற் பெரும்பகுதி காடு. மக்கள் நெருங்கி வாழும் இடங்களோ மிகச் சில. தெற்கிலிருந்து வடக்காக ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங், கியா பார்ம், திரிங்காப், கோலா தெர்லா, கம்போங் ராஜா ஆகிய ஊர்கள் ஒரே நூலிற் கோத்த மணிகளைப்போல ஒரே பாதையில் வரிசையாக அமைந்துள்ளன. பெர்த்தாம் பள்ளத்தாக்கு என்னும் ஊர் அப்பாதையினின்று சற்றே விலகிக் கீழே கிடக்கின்றது.

தானா ராத்தா என்னும் மலாய்ப் பெயருக்குச் சமநிலம் என்பது பொருள். கடல்மட்டத்துக்கு மேல் 1,400 மீட்டருக்கு அதிகமான உயரத்தில் அச்சிற்றூர் இருக்கின்றது. அருகிலுள்ள பிரிஞ்சாங் மலையின் முடி 2,031 மீட்டர் உயரமுடையது. சமவெளியில் வெயில் வாட்டும் நாளிலும் இங்கே வெப்பம் 25 பாகையைத் தாண்டுவது அரிது. ஆண்டெல்லாம் மழையும், காலையும் மாலையும் பனிமூட்டமும், சரிந்து நீர் தேங்காத நிலமும் ஒருங்கே அமைந்தமையால், தேயிலைக்கு ஏற்ற இடம் இதனினும் மேலானது மலேசியாவில் வேறில்லை.

இம்மாவட்டத்தின் பூகோளத்தில் ஒரு புதுமை உண்டு. தெலோம், பெர்த்தாம், லெமோய் என்னும் இதன் ஆறுகள் மூன்றும் கிழக்கு நோக்கி ஓடி, ஜெலாய் ஆற்றின் வழியாகப் பகாங் ஆற்றிற் கலந்து தென்சீனக் கடலை அடைவன. ஆனால் மக்கள் ஏறியிறங்கும் பாதை மேற்கே பேராக் மாநிலத்துத் தாப்பாவிலிருந்து வந்தது. தண்ணீர் கிழக்கே போக, மனிதர் மேற்கே போயினர். பகாங்குக்கு உரிய மாவட்டமாயிருந்தும், பேராக்கின் மண்ணை மிதியாமல் வண்டியில் இங்கு வருதற்குப் பல்லாண்டுகள் வழியில்லாதிருந்தது. சிம்பாங் பூலாயிலிருந்தும், ரிங்லெட்டின் கிழக்கே சுங்கை கோயானிலிருந்தும் சாலைகள் அமைந்தது மிகவும் பிற்காலத்திலாகும். பிறகு தண்ணீரும் தன் திசையை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. 1963-இல் ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கார் அணை கட்டி முடிக்கப்பட்டது. ஆற்றுநீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே பேராக்கின் பக்கம் திருப்பப்பட்டு, மின்சாரம் உண்டாக்கும் பணியில் ஈடுபடுத்தப்பட்டது.

இனி, மக்களைக் கவனிப்போம். பிரிட்டிஷ் அரசாங்கத்தின் நில அளவையாளரான வில்லியம் கேமரன், 1885-இல் பகாங்–பேராக் எல்லைப்பகுதியை ஆராயச் சென்றபோது இம்மேட்டுநிலத்தைக் கண்டார். அடுத்த ஆண்டிலேயே அவர் இறந்துபோனார். எனினும் அவர் பெயர் மலைக்கு நிலைத்துவிட்டது. கேமரன் இம்மலையைக் கண்டுபிடித்தார் என்று எழுதுவது வழக்கமாகியிருக்கின்றது. அவருக்குப் பல தலைமுறைகள் முன்பே செமாய், தெமியார் என்னும் பூர்வகுடி மக்கள் இங்கு வேட்டையாடியும் பயிரிட்டும் வாழ்ந்து வந்தனர். குடியிருப்போர் உள்ள வீட்டை வெளியிலிருந்து எட்டிப்பார்த்தவன், அவ்வீட்டைக் கண்டுபிடித்தவன் ஆவானோ? இதனை நம் பாடப்புத்தகங்கள் இனியேனும் சீர்தூக்கிப் பார்க்கவேண்டும்.

கேமரன் கண்ட பின்னரும் நாற்பது ஆண்டுகள் இம்மலை ஏறக்குறைய அப்படியே கிடந்தது. 1925-இல் சர் ஜார்ஜ் மாக்ஸ்வெல் இங்கு வந்து பார்த்த பின்னரே, இலங்கையின் நுவரெலியாவைப்போல இதனையும் வெள்ளையர் இளைப்பாறும் மலைநகரமாக்கும் திட்டம் உருப்பெற்றது. தானா ராத்தாவில் விவசாய ஆராய்ச்சி நிலையம் ஒன்று நிறுவப்பட்டுத் தேயிலை, காப்பி, காய்கறி முதலியன பயிரிட்டுச் சோதிக்கப்பட்டன. தாப்பாவிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் நீளமுள்ள சாலை, மலைக்காய்ச்சலோடும் மண்சரிவோடும் போராடிய ஆயிரக்கணக்கான கூலிகளின் உழைப்பால் 1931-இல் முடிவுற்றது. திட்டம் போட்டவரின் பெயர் புத்தகத்தில் இருக்கின்றது. சாலை வெட்டிய கையின் பெயர் எப்புத்தகத்திலும் இல்லை.

சாலை முடியும் முன்னரே தேயிலை வந்துவிட்டது. 1929-இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸல் என்பவர், இலங்கையில் தேயிலைத் தொழில் கற்றுவந்த மில்ன் என்பவரைத் துணைக்கொண்டு, போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் தேயிலைத் தொழில் தோன்றிற்று. சுங்கை பாலாஸ், பேர்லி, வடக்கே புளூ வேலி எனத் தோட்டங்கள் பரவின. சீன விவசாயிகள் பள்ளத்தாக்குகளில் காய்கறிப் பயிர் செய்யத் தலைப்பட்டனர். சரிவுகளில் தேயிலை வைத்து வளர்க்கும் வேலையோ பெரும்பாலும் நம் தமிழ் மக்களின் தோளில் விழுந்தது.

இவ்விடத்தில் ஆண்டுகளைச் சற்று நுணுகிப் பார்த்தல் நலம். ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910-இல் ஒழிந்த பின்னர், கங்காணி வழியாகவே ஆள் சேர்த்தல் நடைபெற்றது. கங்காணி உரிமம் பெற்றுத் தன் சொந்த ஊருக்குச் சென்று, உற்றார் உறவினரையும் அண்டை அயலாரையும் அழைத்து வருவான். ஆவடி, நாகப்பட்டினம் முகாம்களில் தங்கிக் கப்பலேறி அவர்கள் பினாங்கை அடைவர். தேயிலைத் தோட்டம் தோன்றிய அதே காலத்தில் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. 1930-இல் ஆள் சேர்ப்பு நிறுத்தப்பட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1934-இல் ஆள் சேர்ப்பு மீண்டும் தொடங்கிற்று. 1938-இல் இந்திய அரசாங்கம் அதனை அடியோடு தடைசெய்தது. ஆகவே கங்காணியின் கைபிடித்து ஊரிலிருந்து நேரே இம்மலைக்கு வருவதற்குத் திறந்திருந்த வாயில், ஒரு சில ஆண்டுகளே. மலையேறிய முதற்றலைமுறை வந்த காலம் இவ்வளவு குறுகியதாயிருத்தலின், அவர்தம் வரலாற்றைத் தேடித் தொகுப்பது முடியாத காரியமன்று.

அவர்கள் செய்ததென்ன? காட்டை வெட்டி, நாற்றுப் பாவி, சரிவிலே வரிசை பிடித்து நட்டு, முதற் கொழுந்தைக் காண்பதற்கு மூன்று நான்கு ஆண்டுகள் காத்திருந்தனர். தேயிலை தன்னியல்பில் மரமாக வளரும் இனம். அதனை இடுப்பளவில் நிறுத்துவது கவ்வாத்துக் கத்தியாகும். மலைச்சரிவில் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் இருக்கின்றதே என்று வியந்து படம்பிடிக்கும் பிரயாணிகள், அக்கம்பளம் மனிதர் கையால் நெய்யப்பட்டதென்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, குழந்தையை ஆயக்கொட்டகையில் விட்டு, முதுகிலே கூடையுடன் பனியில் நனைந்து கொழுந்தெடுத்தவர்களிற் பெரும்பாலார் நம் பெண்மக்கள். ஆலையில் கொழுந்தை வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, உலர்த்தித் தரம் பிரித்தவர் ஆடவர். அந்நறுமணம் கோலாலம்பூரின் கடைத்தெருவுக்கும் கடல்கடந்த நாடுகளுக்கும் சென்றது. உண்டாக்கியவர் லயத்தில் தங்கினர்.

குடிமதிப்புக் கணக்கு சொல்வதையும் கேட்போம். சிங்கப்பூர் உட்பட்ட மலாயாவில் 1931-இல் இந்தியர் சுமார் 6,24,000 பேர். 1947-இல் சுமார் 6,00,000 பேர். பதினாறு ஆண்டுகளில் பெருகவேண்டிய மக்கள் குறைந்துபோயினர். ஊர் திரும்பியோரும், யுத்தகாலத்துப் பஞ்சத்திலும் நோயிலும் மடிந்தோரும், சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு மீளாதோருமாகிய மக்களின் கதை, அவ்விரண்டு எண்களின் இடைவெளியிற் புதைந்து கிடக்கின்றது. பின்னர், 1968-இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய உரிமம் பெறவேண்டுமென விதித்தது. 1969 முதல் நாடெங்குமுள்ள தோட்டங்களிலிருந்து பல்லாயிரவர் பெட்டி கட்டினர். இந்நாட்டிலே பிறந்தும், அதனை நிறுவப் பத்திரமில்லாதோர் அவர்களுள் பலர்.

2010-ஆம் ஆண்டுக் கணக்கின்படி கேமரன் மலையின் மக்கள் தொகை 38,471. அவருள் சீனர் 13,099, மலாய்க்காரர் 7,321, பூர்வகுடியினர் முதலிய பிற பூமிபுத்திரர் 5,668, இந்தியர் 6,988, ஏனையோர் 202, இந்நாட்டுக் குடிமக்களல்லாதார் 5,193. குடிமக்களில் ஐவருக்கு ஒருவர் இந்தியர். நாட்டின் மொத்த மக்கட்டொகையில் இந்தியர்க்குள்ள விகிதத்தைவிட இது மிகவும் அதிகம். ஆனால் இவ்வெண்ணைக் கண்டு மகிழ்வதற்குமுன், கடைசியிற் காட்டிய எண்ணையும் நோக்குதல் வேண்டும். கையாற் கொழுந்து கிள்ளிய வேலை, கத்தரிக்கும் இயந்திரத்துக்கு மாறிற்று. அவ்வியந்திரத்தைப் பிடிப்போர் பலர், வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்த புதிய தொழிலாளர். நம் பாட்டன்மார் இருந்த நிலையில் இன்று அவர்கள் இருக்கின்றனர். அவர்களை அன்னியர் என்று இகழ்பவன், தன் குடும்ப வரலாற்றையே இகழ்பவனாவான்.

தோட்டத்தை விட்ட நம்மவர் எங்கே சென்றனர்? சிலர் காய்கறித் தோட்டமும் பூந்தோட்டமும் வைத்தனர். சிலர் லாரி ஓட்டினர். சிலர் கடை வைத்தனர். படித்த பிள்ளைகள் சமவெளி நகரங்களுக்கு இறங்கினர். தானா ராத்தா, ரிங்லெட் முதலிய ஊர்களிலும் போ, புளூ வேலி முதலிய தோட்டங்களிலும் அமைந்த தமிழ்ப் பள்ளிகள் இம்முன்னேற்றத்துக்கு ஏணியாயிருந்தன. எனினும் ஒரு பழைய நோய் தீரவில்லை. லயத்து வீடு வேலையோடு கட்டப்பட்டது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. மலையிற் பயிரிட்ட நிலமோ, நெடுங்காலம் ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டிய தற்காலிக உரிமத்தின்மேல் நின்றது. மலையையே திருத்தியமைத்த மக்களுக்கு, அம்மலையில் நிலையான ஒரு சாண் நிலம் கிடைப்பது அரிதாயிற்று.

1967 மார்ச் 26-ஆம் நாள், தாய்லாந்துப் பட்டு வணிகத்திற் புகழ்பெற்ற ஜிம் தாம்சன் என்னும் அமெரிக்கர் இம்மலையில் உலாவச் சென்று மறைந்தார். நூற்றுக்கணக்கானோர் காடெல்லாம் தேடினர், உலகப் பத்திரிகைகள் எழுதின, இன்றும் எழுதுகின்றன. ஓர் உயிரைத் தேடியது நன்றே. ஆனால் பெயரும் ஊரும் இன்றி இதே மண்ணில் அடங்கிய நம் முன்னோரைத் தேட நாம் ஒரு நாளேனும் செலவிட்டதுண்டா? பூர்வகுடி மக்களைப் பாருங்கள். கேமரன் வந்து 134 ஆண்டுகள் கழித்து, 2019 ஜனவரியில், அவர்களிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் உறுப்பினர் இக்கேமரன் மலைத் தொகுதியிலிருந்தே சென்றார். காலம் தாழ்ந்தாலும், குடிகளின் குரல் அவைக்கு ஏறமுடியும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

பெயர் ஏட்டில் இருப்பது வெறும் பெருமைக்காக என்று எவரும் எண்ணவேண்டா. பிறப்புப் பத்திரமும் திருமணப் பதிவும் இல்லாத காரணத்தால் சிவப்பு அடையாள அட்டையோடு முதுமையடைந்தோர் நம்மிடையே எத்தனைபேர்! ஒரு தலைமுறை பதிவு செய்யத் தவறினால், அடுத்த தலைமுறை பள்ளியிலும் மருத்துவமனையிலும் வேலையிலும் அதன் விலையைக் கொடுக்கின்றது. இதனைத் தலைவிதி என்று சொல்லி அமைதல் தகாது. இது கடிதத்தாலும் மையாலும் தீரக்கூடிய குறை.

ஆதலின், கேமரன் மலைத் தமிழரையும், அங்கிருந்து இறங்கிப் பட்டணங்களில் வாழும் அவர்தம் மக்களையும் நாம் வேண்டிக்கொள்வது இது. ஒவ்வொரு குடும்பமும் ஒரு நோட்டுப்புத்தகம் வைக்கட்டும். முதலில் வந்தவர் பெயர், அவர் பிறந்த ஊர், வந்த ஆண்டு, வேலை செய்த தோட்டம், குடியிருந்த லயம், பிறந்த பிள்ளைகள், இறந்த நாள் ஆகியவற்றை முதியோர் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். பாட்டியின் பெயரை விட்டுவிடாதீர்கள். கூடை சுமந்தவள் அவளே. பழைய சம்பளச் சீட்டு, கப்பல் சீட்டு, பள்ளிச் சான்றிதழ் எதையும் குப்பையென்று எறியாதீர்கள். பத்திரமில்லாதோர்க்குப் படித்த இளைஞர் மனு எழுதிக் கொடுக்கட்டும். ஆசிரியர்கள் மாணவரைக்கொண்டு தத்தம் தோட்டத்தின் வரலாற்றை எழுதுவிக்கட்டும். வீடும் நிலமும் கேட்டு நாளை நாம் வாதாடப் போகும்போது, நம் கையிலிருக்கவேண்டிய முதல் ஆதாரம் அந்நோட்டுப்புத்தகமே.