சுவரில் தொங்கும் சான்றிதழ்: மருந்துக் கடைச் சட்டங்களின் கதை

திருவையாறு என்றதும் வெளியூர்க்காரர்களுக்குத் தியாகராஜ ஆராதனை நினைவுக்கு வரும். சாப்பாட்டுப் பிரியர்களுக்கு அசோகா. அந்த ஊர்க் கடைத்தெருவிலும், 13 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தஞ்சாவூரிலும், தமிழ்நாட்டின் வேறு எந்த ஊரிலும் மருந்துக் கடைப் பெயர்ப் பலகைகளைக் கொஞ்சம் நின்று படித்துப் பாருங்கள். 'மெடிக்கல்ஸ்' என்று இருக்கும், 'பார்மஸி' என்று இருக்கும், 'டிரக் ஹவுஸ்' என்றும் இருக்கும். கடைக்காரர் தன் இஷ்டத்துக்கு வைத்த பெயர் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் அந்தப் பலகையில் என்ன எழுதலாம் என்பதற்குக்கூட இந்தியாவில் ஒரு விதி இருக்கிறது!

1945-ல் வந்த மருந்து விதிகளில் 65-வது விதி இதைச் சொல்கிறது. பதிவு பெற்ற மருந்தாளுநர் தேவைப்படாத கடை தன்னை 'டிரக் ஸ்டோர்' என்று சொல்லிக்கொள்ளலாம். மருந்தாளுநர் இருக்கிறார், ஆனால் அங்கேயே மருந்து கலந்து தருவதில்லை என்றால் 'கெமிஸ்ட்ஸ் அண்டு டிரக்கிஸ்ட்ஸ்'. மருந்தாளுநரும் இருந்து, மருந்து கலந்து கொடுக்கும் வசதியும் இருந்தால்தான் 'பார்மஸி'. இந்த விதிப்படி பார்த்தால் இன்று பார்மஸி என்று பலகை மாட்டியிருக்கும் பெரும்பாலான கடைகள் பார்மஸியே அல்ல. நம் மக்கள் வாய்நிறையச் சொல்லும் 'மெடிக்கல்' என்ற சொல்லோ விதியிலேயே கிடையாது.

இது வெறும் பெயர் விவகாரம் போலத் தோன்றலாம். உண்மையில் அந்த மூன்று பெயர்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: கடைக்குள் யார் நிற்கிறார்? இந்தக் கேள்விக்கு இந்தியச் சட்டம் பதில் எழுதி முடிக்க எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது என்பதுதான் இந்தக் கட்டுரை.

பழைய காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. வைத்தியரே நாடி பார்ப்பார், அவரே மருந்து இடிப்பார், அவரே கொடுப்பார். தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் தன்வந்திரி மகால் என்ற மருத்துவ நிலையத்தை நடத்தினார். சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஆங்கில வைத்தியம் எல்லாம் தெரிந்தவர்கள் அங்கே ஒன்றாக வேலை செய்தார்கள். மருந்துகளைச் செய்து, கொடுத்துப் பார்த்து, பலன் தெரிந்தவற்றை எழுதி வைத்தார்கள். சரபேந்திர வைத்திய முறைகள் என்ற பெயரில் சரஸ்வதி மகால் நூலகம் பிற்பாடு வெளியிட்ட நூல்களுக்கு மூலம் அதுதான். மருந்து எழுதுபவரும் கொடுப்பவரும் அங்கே ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள்.

எழுதுபவர் வேறு, கொடுப்பவர் வேறு என்று பிரிப்பது ஐரோப்பிய வழக்கம். 13-ம் நூற்றாண்டிலேயே சிசிலியை ஆண்ட இரண்டாம் பிரெடெரிக், மருத்துவரும் மருந்து விற்பவரும் கூட்டு வியாபாரம் செய்யக் கூடாது என்று சட்டம் போட்டார். ஆங்கில வைத்தியம் நம் ஊருக்கு வந்தபோது இந்தப் பிரிவினையும் கூடவே வந்தது. அப்படி வந்தவர்தான் கம்பவுண்டர்.

கம்பவுண்டரை நம் தாத்தா பாட்டிகளிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். டாக்டர் வீட்டுக்குப் போகும்போது வீட்டிலிருந்தே காலிப் புட்டி கொண்டு போக வேண்டும். டாக்டர் துண்டுச் சீட்டில் எழுதுவார். உள்ளே சின்ன சன்னல் வழியாகக் கம்பவுண்டர் அதை வாங்கி, பெரிய பெரிய சீசாக்களிலிருந்து ஊற்றிக் கலக்கி, நிறம் நிறமாக 'மிக்சர்' தருவார். புட்டியின் பக்கவாட்டில் பல் பல்லாக வெட்டிய காகிதப் பட்டை ஒன்றை ஒட்டுவார். ஒரு பல் இறங்கினால் ஒரு வேளை மருந்து. படிக்கத் தெரியாதவருக்கும் அளவு புரிந்துவிடும். (இன்றைய மாத்திரை அட்டைகளில் பொடி எழுத்து ஆங்கிலத்தைப் பார்க்கும்போது அந்தக் காகிதப் பட்டை எவ்வளவு புத்திசாலித்தனம் என்று தோன்றுகிறது.)

இவர்களுக்குப் பயிற்சியே இல்லை என்று சொல்ல முடியாது. சென்னை மருத்துவக் கல்லூரியில் 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே மருந்தாளுநர் வகுப்புகள் இருந்தன. ஆனால் அங்கே படித்தவர்தான் மருந்து கலக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. யார் வேண்டுமானாலும் கடை போடலாம்.

இங்கிலாந்து அதற்குள் பாடம் கற்றிருந்தது. 1858-ல் பிராட்போர்டு நகரில் மிட்டாய் செய்யும் ஒருவருக்கு, மருந்துக் கடையிலிருந்து வேறு தூளுக்குப் பதிலாக ஆர்செனிக் நிறுத்துக் கொடுத்துவிட்டார்கள். மிட்டாய் தின்ற சுமார் 20 பேர் செத்தார்கள். 1868-ல் அந்நாட்டில் மருந்தாளுநர் சட்டம் வந்தது. அதே வெள்ளைக்கார அரசு இந்தியாவில் என்ன செய்தது? அபின் சட்டம், விஷப் பொருள் சட்டம் என்று வரியும் குற்றமும் சம்பந்தப்பட்டவற்றுக்குச் சட்டம் போட்டது. சாதாரண மருந்துக்கு ஒன்றும் இல்லை.

நிலைமையை மாற்றியதில் மலேரியாவுக்கும் கொயினாவுக்கும் பெரிய பங்கு உண்டு. கொயினாவின் அருமை காவிரிப் பாசனப் பகுதிக்கு நன்றாகத் தெரியும். மேட்டூர் அணை 1934-ல் திறக்கப்பட்டு, கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் பட்டுக்கோட்டைப் பக்கத்து மேட்டு நிலங்களுக்குப் பாய்ந்ததும் கூடவே மலேரியாவும் பரவியது. அதை ஆராய ராக்பெல்லர் நிறுவன விஞ்ஞானிகளே பட்டுக்கோட்டைக்கு வந்து தங்கினார்கள். காய்ச்சலுக்கு முக்கிய மருந்து கொயினா. அந்தக் கொயினாவில்தான் நாடு முழுக்கக் கலப்படம் என்று 1920-களில் பெரும் புகார் கிளம்பியது. 1927-ல் மத்திய மேல்சபையில் ஹாரூன் ஜாபர் என்ற உறுப்பினர் இதைப் பற்றித் தீர்மானம் கொண்டு வந்தார். 1930-ல் கர்னல் ஆர்.என். சோப்ரா தலைமையில் மருந்து விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. 1931-ல் அறிக்கை வந்தது.

சோப்ரா குழு இரண்டையும் சேர்த்தே கேட்டது. மருந்து சுத்தமாக இருக்க ஒரு சட்டம், அதைக் கொடுக்கும் மனிதருக்குப் படிப்பும் பதிவும் வேண்டும் என்று இன்னொரு சட்டம். ஒன்றில்லாமல் இன்னொன்று பயன்படாது. ஆனால் அரசு முதலில் மருந்தைத்தான் கவனித்தது. அதுவும் உடனே இல்லை, மருந்துச் சட்டம் 1940-ல் வந்தது. விற்பனைக்கு உரிமம் வாங்கும் கட்டாயம் 1947 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. மனிதரைப் பற்றிய மருந்தாளுநர் சட்டம் 1948 மார்ச்சில், சுதந்திர இந்தியாவில் நிறைவேறியது.

இங்கேதான் சுவாரஸ்யமான பகுதி வருகிறது. 1948 சட்டத்தின் உயிர் 42-வது பிரிவு. பதிவு பெற்ற மருந்தாளுநரைத் தவிர வேறு யாரும் மருத்துவரின் சீட்டுப்படி மருந்து கலக்கவோ, தயாரிக்கவோ, வழங்கவோ கூடாது என்கிறது அது. (மருத்துவர் தன் சொந்த நோயாளிக்குத் தானே மருந்து கொடுக்கலாம்.) மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் என்று நீண்ட காலம் இருந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரிவின் முதல் வரியிலேயே ஒரு ஓட்டை: மாநில அரசு அறிவிக்கும் தேதியிலிருந்துதான் இது செல்லும். தேதியை அறிவிக்காவிட்டால்? ஒன்றும் இல்லை. பிரிவு தூங்கும்.

பல இடங்களில் அது தூங்கவே செய்தது. கடைசியில் 1976-ல் சட்டத்தைத் திருத்தி, மாநில அரசு தேதி அறிவிக்காவிட்டாலும் ஐந்து ஆண்டுகளில் பிரிவு தானாக அமலுக்கு வரும் என்றார்கள். அந்த ஐந்தையும் பிறகு எட்டாக நீட்டினார்கள். ஆக, தேதி அறிவிக்காத மாநிலங்களுக்கு 1984. சட்டம் பிறந்து 36 வருஷம்! ஒரு குழந்தை பிறந்து, படித்து, மருந்தாளுநராகி, கடை வைத்து, அதன் பிள்ளையும் பள்ளிக்கூடம் போகும் காலம்.

அரசை மட்டும் திட்டிப் பயனில்லை. காரணமும் நியாயமானதுதான். படித்த மருந்தாளுநர்கள் அப்போது மிகக் குறைவு. அன்றைக்கே கண்டிப்புக் காட்டியிருந்தால் கிராமப்புறங்களில் மருந்து கிடைக்கும் இடங்கள் மூடப்பட்டிருக்கும், கம்பவுண்டர்களின் பிழைப்பும் போயிருக்கும். அதனால்தான் முதல் பதிவேட்டில் சேர 1948 சட்டம் தாராளமாக வழி விட்டது. பட்டம், டிப்ளமா இல்லாவிட்டாலும், மருத்துவமனையிலோ டிஸ்பென்சரியிலோ ஐந்து ஆண்டு மருந்து கலக்கிய அனுபவம் இருந்தால் போதும். சன்னலுக்குப் பின்னால் நின்ற கம்பவுண்டர்கள் பலர் இப்படித்தான் சட்டப்படியான மருந்தாளுநர் ஆனார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சட்டம் முழுமையாக விழித்துக்கொண்ட நேரத்தில் கலக்குவதற்கே வேலை இல்லாமல் போய்விட்டது. மாத்திரையும் சிரப்பும் தொழிற்சாலையிலிருந்தே தயாராக வந்தன. அட்டையை எடுத்து நீட்ட டிப்ளமா எதற்கு என்று கடைக்காரர் கேட்க ஆரம்பித்தார். படித்தவருக்குச் சம்பளம் கொடுப்பதைவிட, அவருடைய சான்றிதழை மட்டும் வாங்கிச் சுவரில் மாட்டிக்கொள்வது மலிவு. சான்றிதழ் வாடகைக்கு விடுவது என்ற வழக்கம் இப்படி முளைத்தது. நாடு முழுக்க இருக்கும் வியாதி இது. பீகாரில் போலி மருந்தாளுநர்கள் பற்றிய ஒரு வழக்கில் 2022-ல் உச்ச நீதிமன்றமே, இதைப் பார்த்துக்கொண்டு மாநில அரசும் பார்மஸி கவுன்சிலும் சும்மா இருக்க முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது.

அட்டையை நீட்டத்தான் ஆள் என்றால் டிப்ளமா தேவையில்லைதான். ஆனால் விதிகளைப் படித்தால் அந்த ஆளின் வேலை வேறு என்று தெரியும். சீட்டில் மருத்துவரின் கையெழுத்து, தேதி, நோயாளியின் பெயர், முகவரி, மொத்த அளவு எல்லாம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மருத்துவர் அனுமதித்தால் ஒழிய ஒரே சீட்டுக்கு இரண்டாம் முறை கொடுக்கக் கூடாது. கொடுத்ததும் கடையின் பெயரையும் தேதியையும் சீட்டில் குறிக்க வேண்டும். எழுதிய மருந்துக்குப் பதில் வேறொன்றைக் கொடுக்கக் கூடாது. மருந்துச் சீட்டோடு வந்த மருந்தைப் பதிவு பெற்ற மருந்தாளுநரின் நேரடிப் பார்வையில்தான் கொடுக்க வேண்டும்.

நடப்பது என்ன? 'ரெண்டு நாளாக் காய்ச்சல்' என்று சொன்னால் போதும், அட்டையிலிருந்து நான்கு மாத்திரையைக் கத்தரியால் வெட்டி, பழுப்புக் கவரில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். காலாவதித் தேதியும் தொகுதி எண்ணும் மீதி அட்டையிலேயே தங்கிவிடும். நடவுக் காலத்தில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க முடியாத ஒருவருக்கு அந்தக் கடைக்காரர்தான் டாக்டர். வாங்குபவர் மீது குற்றம் சொல்வது எளிது, சரியல்ல. அவர் ஏமாறுவது வேறு இடத்தில்: தன்னிடம் மருந்து கொடுப்பவர் படித்தவர் என்று நம்புகிறார்.

நான்கு மாத்திரை ஆன்டிபயாட்டிக்கில் நோய் அரைகுறையாக அடங்கும், கிருமி பழகிக்கொள்ளும். 2012-ல் சென்னையில் கூடிய மருத்துவர்கள் ஆன்டிபயாட்டிக் கட்டுப்பாடு கேட்டு வெளியிட்ட 'சென்னைப் பிரகடனம்' இதைப் பற்றியதுதான். 2013-ல் மத்திய அரசு 'எச்1' என்ற புதிய அட்டவணையை அறிவித்து, 2014 மார்ச் முதல் அமலாக்கியது. சில வலுவான ஆன்டிபயாட்டிக்குகள், காசநோய் மருந்துகள், பழக்கத்துக்கு அடிமையாக்கும் மருந்துகள் என 46 மருந்துகள் முதலில் அதில் சேர்ந்தன. இவற்றை விற்றால் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

சட்டம் எல்லாக் கடையையும் ஒரே மாதிரி பார்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆயிரம் பேருக்கு மேல் இல்லாத, உரிமம் பெற்ற மருந்துக் கடையும் இல்லாத கிராமத்தில் தலைவலி மாத்திரை, தைலம், கிரைப் வாட்டர் போன்றவற்றை மளிகைக் கடைக்காரர் உரிமம் இல்லாமலே விற்கலாம் என்று விதிகளின் 'கே' அட்டவணை விலக்குத் தருகிறது. நாட்டு மருந்துக் கடை இன்னொரு உலகம். 1964 திருத்தத்தால் சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகளும் சட்டத்துக்குள் வந்தன. ஆனால் தயாரிப்பவருக்குத்தான் உரிமம், விற்பவருக்கு வேண்டாம். எட்டி, ஊமத்தை, சேராங்கொட்டை போன்ற நச்சுச் சரக்குகளுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது, அவை சேர்ந்த மருந்தின் மேல் எச்சரிக்கை அச்சிட வேண்டும். கடையில் நிற்பவர் யார் என்ற கேள்வியைச் சட்டம் அங்கே கேட்கவே இல்லை.

நல்ல மருந்தாளுநர் இருந்தாலும் எல்லா ஆபத்தும் நீங்கிவிடாது. 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருமல் சிரப் குடித்த 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான அந்த சிரப்பில் டை எத்திலீன் கிளைகால் என்ற நஞ்சு 48.6 சதவீதம் இருந்ததாகத் தமிழ்நாடு அரசின் பரிசோதனை காட்டியது. மூடிய புட்டிக்குள் இருப்பதை எந்தக் கடை மருந்தாளுநராலும் கண்டுபிடிக்க முடியாது. அது 1940 சட்டத்தின் வேலை. சோப்ரா குழு இரண்டையும் சேர்த்துக் கேட்டது இதனால்தான்.

1948 சட்டத்தின் பக்கம், 2015-ல் பார்மஸி கவுன்சில் புதிய நடைமுறை விதிகள் கொண்டு வந்தது. மருந்தாளுநர் வெள்ளைக் கோட்டும், பெயரும் பதிவு எண்ணும் உள்ள அட்டையும் அணிய வேண்டும், மருந்தை எப்படிச் சாப்பிடுவது என்று நோயாளிக்கு விளக்க வேண்டும் என்றது. மூன்றே ஆண்டில் அடுத்த சண்டை வந்தது. இணையத்தில் மருந்து விற்பதை எதிர்த்துத் தமிழ்நாட்டு மருந்து வணிகர் சங்கம் சென்னை உயர் நீதிமன்றம் போனது. 2018 டிசம்பர் 17 அன்று, மத்திய அரசு விதிகளை அறிவிக்கும் வரை இணைய விற்பனை கூடாது என்று நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா தீர்ப்பளித்தார். 2019 ஜனவரித் தொடக்கத்திலேயே இரு நீதிபதிகள் அமர்வு அதை நிறுத்தி வைத்தது. வரைவாக வெளியான விதிகள் அடுத்த பல ஆண்டுகளுக்கு இறுதி வடிவம் பெறவில்லை. மருந்துச் சீட்டைச் சரிபார்க்காமல் விற்பது பொதுமக்களுக்கு ஆபத்து என்பது அந்த வழக்கில் வைக்கப்பட்ட முக்கிய வாதம். அதை நீதிமன்றத்தில் எடுத்து வைத்தவர்கள் கடைக்காரர்களேதான்.