ஒட்டுக் கட்டடங்களில் தீயணைப்பு நிலைக்குழாய்

தரைமட்டத்திலிருந்து மொட்டைமாடி வரை கட்டடத்துக்குள் செங்குத்தாக ஏறி, தளத்துக்குத் தளம் தீயணைப்போருக்குத் தண்ணீர் கொடுக்கும் இரும்புக் குழாய் நிலைக்குழாய் எனப்படும். கட்டடத் தொழிலில் இதை ரைசர் என்பார்கள். எந்நேரமும் தண்ணீரும் அழுத்தமும் நிறைந்திருப்பது வெட் ரைசர். காலியாக இருந்து, தீயணைப்பு வண்டி வந்து ஏற்றும்போது மட்டும் நிரம்புவது டிரை ரைசர். மாடித் தொட்டியிலிருந்து கீழிறங்குவது டவுன்கமர். எந்தக் கட்டடத்துக்கு எது வேண்டும் என்பதை இந்திய விதிகள் உயரம், தளப்பரப்பு, பயன்பாடு ஆகிய மூன்றையும் வைத்துத் தீர்மானிக்கின்றன. மூன்றும் ஒரே மனைக்குள் அளக்கப்படுபவை. ஆனால் காஞ்சிபுரத்தின் பழைய நெசவுத் தெருக்களில் வீடும் கடையும் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. பேரூராட்சியாக இருந்து காஞ்சி நகரோடு இணைந்த தென்புறச் செவிலிமேட்டுக்கும் அந்த நெருக்கம் பரவி வருகிறது. இத்தகைய ஊர்களில் மனையை மட்டும் அலகாகக் கொள்ளும் விதி போதாது, கட்டட வரிசையையே அலகாகக் கொள்ள வேண்டும் என்ற முடிவுக்கே நிலைக்குழாயின் வரலாறு நம்மைக் கொண்டுவந்து நிறுத்துகிறது.

அந்த வரலாற்றில் முதலில் வந்தது சுவர்; குழாய் பின்னால் வந்தது. 1666ஆம் ஆண்டுப் பெருந்தீக்குப் பிறகு லண்டனில் 1667இல் வந்த மறுகட்டுமானச் சட்டம், வெளிச்சுவர்களையும் இரு வீட்டுக்குப் பொதுவான சுவர்களையும் செங்கல்லிலோ கருங்கல்லிலோதான் எழுப்ப வேண்டும் என்றது. ஒட்டிய வீடுகளுக்கிடையே தீ தாண்டாமல் தடுப்பதே அதன் நோக்கம். கட்டடங்கள் ஏணி எட்டாத உயரத்துக்கு வளர்ந்தபோது குழாய் தேவைப்பட்டது. அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கம் நிலைக்குழாய்களுக்கான தன் 14ஆம் எண் தரத்தை 1915இல் ஏற்றது. இன்றைய அமெரிக்க மாதிரி விதிகளில் இரண்டு செய்திகள் நமக்கு முக்கியமானவை. வண்டி வந்து நிற்கும் மட்டத்திலிருந்து மேல்தளத்தின் தரை 30 அடிக்கு மேல் இருந்தாலே நிலைக்குழாய் கட்டாயமாகிறது. அடுத்து, ஒட்டி நிற்கும் இரண்டு பகுதிகளைத் தனித்தனிக் கட்டடமாகக் கணக்கிட வேண்டுமானால் நடுவில் முறையான தீத்தடுப்புச் சுவர் இருந்தாக வேண்டும். அந்தச் சுவரிலுள்ள கதவு வழியாக மக்கள் பக்கத்துப் பகுதிக்குத் தப்பிச் செல்லும் ஏற்பாடு இருந்தால், கதவின் இரு புறமும் நிலைக்குழாய் வால்வு வைக்கச் சொல்கிறது விதி. தனிக் கட்டடம் என்ற தகுதி அங்கே பத்திரத்தால் வருவதில்லை, சுவரால் வருகிறது.

இந்தியாவில் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 1970இல் வெளிவந்தது. சென்னை அண்ணா சாலையின் எல்.ஐ.சி. கட்டடம் அதற்கு முன்பே, 1959இல், 177 அடி உயரத்தில் திறக்கப்பட்டிருந்தது. 1975இல் அது தீப்பிடித்தது. உயரக் கட்டடங்கள் முந்திக்கொள்ள, விதி பின்னால் ஓடி வந்த காலம் அது. விதித்தொகுப்பு 1983, 2005, 2016ஆம் ஆண்டுகளில் திருத்தப்பட்டது. அதன் நான்காம் பகுதி தீப்பாதுகாப்புக்கானது. 15 மீட்டர் உயரத்தை அது எல்லைக்கோடாகக் கொள்கிறது. உள்கட்டட ஹைட்ரன்ட்களுக்கான ஐ.எஸ். 3844 தரம், ஏறத்தாழ 1000 சதுர மீட்டர் தளத்துக்கு ஒரு ரைசர் என்ற கணக்கைத் தருகிறது. தமிழ்நாட்டில் தீயணைப்புப் பணிச் சட்டம் 1985இல் வந்தது. 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 18.30 மீட்டருக்கு மேற்பட்டவற்றை உயர்மாடிக் கட்டடம் என்கின்றன. பக்க இடைவெளி இல்லாமல் கட்ட அனுமதிக்கும் தொடர் கட்டடப் பகுதியையும் அதே விதிகள் ஏற்கின்றன. சுவரோடு சுவர் ஒட்டுவதற்கு அனுமதி உண்டு. அப்படி ஒட்டியபின் பத்துக் கட்டடங்களும் சேர்ந்து ஒரே எரிபொருள் குவியலாக ஆவதை எண்ணி வரிசைக்கென ஒரு குழாய் கேட்கும் வழக்கம் இல்லை.

பழைய நெசவாளர் வீட்டின் பொதுச்சுவரை அருகில் நின்று பார்த்தால் சிக்கல் விளங்கும். இரு வீட்டு உத்திரங்களும் ஒரே சுவரில், பெரும்பாலும் ஒன்றுக்கொன்று நேராக, மரமுனை உள்ளே புதைய உட்கார்ந்திருக்கும். இரண்டு முனைகளுக்கும் நடுவே மிஞ்சுவது ஒரு செங்கல் கனம் அல்லது அதற்கும் குறைவு. பிறகு மின்கம்பிக்காக ஒரு துளை, குளிர்சாதனக் குழாய்க்காக இன்னொரு துளை. வியாபாரம் பெருகிப் பக்கத்து வீட்டையும் வாங்கும்போது சுவரையே உடைத்து வழி விடுகிறார்கள். ஆவணத்தில் இரண்டு மனை, உள்ளே ஒரே கூடம். அசல் பட்டு எளிதில் பற்றாது; அது புரத இழை, சுடரை விலக்கினால் பெரும்பாலும் தானே அணையும். ஆனால் பட்டுக்கடையில் பட்டு மட்டுமா இருக்கிறது? அட்டைப்பெட்டி, பாலித்தீன் உறை, பாலியெஸ்டர் சேலை, பிளைவுட் அலமாரி, பொய்க்கூரை என எரியக்கூடியவை ஏராளம்.

வரிசையாகத் தீ நகரும் விதத்தை 2018 பிப்ரவரி 2 இரவு மதுரை மீனாட்சியம்மன் கோயில் காட்டியது. வீரவசந்தராயர் மண்டபத்தில் ஒட்டி ஒட்டி அமைந்திருந்த கடைகளில் முப்பதுக்கும் மேற்பட்டவை எரிந்தன. நூற்றாண்டுகள் கடந்த கல் கூரை வெடித்து விழுந்தது. செங்கல் கருங்கல்லைவிட வெப்பத்தை நன்றாகத் தாங்கும்; ஆனால் உத்திரமுனை புதைந்து, துளைகள் விழுந்த பொதுச்சுவர் தீயைத் தடுத்துவிடும் என்று நம்ப இடமில்லை. அதற்கு முந்தைய ஆண்டு, 2017 மே 31 அதிகாலை, தியாகராய நகர் உஸ்மான் சாலையில் ஏழு மாடி ஜவுளிக்கடை பற்றியது. புகை அடைத்துக்கொண்டதால் வீரர்கள் உள்ளே போக முடியவில்லை. சுவரைத் துளைத்துத்தான் வழி செய்ய வேண்டியிருந்தது. மறுநாள் விடியுமுன் கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தது. என் வாதத்தின் மையம் இங்கே இருக்கிறது. எரியும் கட்டடத்துக்குள் இருக்கும் வால்வு, அது மிகவும் தேவைப்படும் நேரத்தில் கைக்கு எட்டாமல் போகிறது. அப்போது பயன்படக்கூடியது அடுத்த கட்டடத்தின் படிக்கட்டில் இருக்கும் வால்வு. ஒட்டுத் தெருவில் மொட்டைமாடிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதால், இரண்டு வீடு தள்ளி ஏறி, கைப்பிடிச்சுவரைத் தாண்டி, மேலிருந்தே தீயை எதிர்கொள்ள முடியும். அண்டை வீட்டுக் குழாய்தான் எரியும் வீட்டைக் காக்கும்.

மூன்று மாடிக்குக் குழாய் எதற்கு, தெருவிலிருந்தே ஹோஸ் எட்டுமே என்று கேட்கலாம். முகப்புக்கு எட்டும். ஆனால் நெசவாளர் மனை முகப்பில் குறுகி, ரேழி, முற்றம், தறிக்கூடம் என்று பின்னோக்கி நீண்டது. பின்கட்டு எரிந்தால் தெருவில் நிற்கும் வண்டிக்கு அது தெரியக்கூடத் தெரியாது. செலவு பற்றிய கேள்வி இதைவிட நியாயமானது. ஒரு மனைக்காரர் பம்பு, நிலத்தடித் தொட்டி, ஜெனரேட்டர் எல்லாம் வைக்க முடியாதுதான். நான் சொல்வது வரிசைக்கு இரண்டோ மூன்றோ டிரை ரைசர்கள். பம்பும் தொட்டியும் தேவையில்லை, தண்ணீரை வண்டி ஏற்றும். ஒரு வண்டியின் 4500 லிட்டர், நிமிடத்துக்கு 450 லிட்டர் விடும் ஒரு ஹோஸுக்குப் பத்து நிமிடம்தான் வரும் என்பது உண்மை. அதனால்தான் நீர்நிலை வேண்டும். காஞ்சியில் சர்வ தீர்த்தம் போன்ற குளங்கள் தெருக்களுக்கு அருகிலேயே இருக்கின்றன. செவிலிமேட்டில், ராமானுஜர் காஞ்சி வரதராஜப் பெருமாளுக்குத் தீர்த்தம் எடுத்துச் சென்றதாக வைணவ மரபு போற்றும் சாலைக் கிணறு இருக்கிறது. அந்தக் கிணற்றைத் தொட வேண்டாம். ஆனால் குளக்கரையில் வண்டி நின்று உறிஞ்ச ஒரு கான்கிரீட் மேடை போடுவதற்குப் பெரும் செலவில்லை. தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள கோயில்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்துக்குத் தடை இருப்பதால், அங்கே மட்டும் துறையின் முடிவுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும்.

மிக வலுவான ஆட்சேபம் வேறு: பொதுக் குழாய் யாருடைய பொறுப்பு? இதை லேசாகத் தள்ள முடியாது. நியூயார்க்கில் 2001 செப்டம்பர் 11இல் பக்கத்துக் கோபுரம் விழுந்ததால் சிதைந்த டாய்ச்ச வங்கிக் கட்டடத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, 2007 ஆகஸ்ட் 18 அன்று தீப்பிடித்தது. அடித்தளத்தில் நிலைக்குழாயின் ஒரு பகுதி முன்பே கழற்றப்பட்டிருந்தது வந்த வீரர்களுக்குத் தெரியவில்லை. மேலே தண்ணீர் வராமல் இரண்டு தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். பிலடெல்பியாவில் 1991இல் மெரிடியன் பிளாசா என்ற உயரக் கட்டடம் எரிந்தபோது, குழாய் இருந்தும் அழுத்தக் குறைப்பு வால்வுகள் தவறாக அமைக்கப்பட்டிருந்தன. அங்கே மூன்று வீரர்கள் மாண்டார்கள். ஒரே உரிமையாளர் உள்ள கட்டடத்திலேயே இது நடந்தால் பத்து உரிமையாளர் உள்ள தெருவில் என்ன ஆகும்? நம் ஊர்களில் வால்வின் கன்மெட்டல் மூடி சங்கிலியோடு பழைய இரும்புக்கடைக்குப் போய்விடுகிறது. வண்டி தண்ணீர் ஏற்றும் தெருவோர இன்லெட் பெட்டியை விளம்பரப் பலகை மறைக்கிறது. ஆனால் இவையெல்லாம் பராமரிப்பு மனையளவில் விடப்பட்டதன் விளைவுகளே. குழாயைத் தெருக்குழாய்போல் மாநகராட்சியின் சொத்தாக்கி, ஆண்டுக்கு ஒருமுறை தீயணைப்பு நிலையத்தார் நீரேற்றிச் சோதித்தால், கழன்ற மூடியும் ஒழுகும் இணைப்பும் அன்றே தெரிந்துவிடும். காஞ்சிபுரம் 2021இல் மாநகராட்சி ஆனபின் அப்படிப் பொறுப்பேற்க ஓர் அமைப்பும் கிடைத்திருக்கிறது.

பழைய தெருக்களில் இதைச் செய்ய வீட்டுக்கு வீடு சம்மதம் கேட்க வேண்டும், ஆண்டுகள் பிடிக்கும். இன்னும் இடைவெளி மிஞ்சியிருக்கும் செவிலிமேட்டில் இப்போதே தொடங்கலாம். தொடர் கட்டடமாக அனுமதி பெறும் ஒவ்வொரு புது வணிகக் கட்டடத்திலும் படிக்கட்டுச் சுவரோடு 100 மில்லிமீட்டர் டிரை ரைசர், தளத்துக்கு ஒரு 63 மில்லிமீட்டர் வால்வு, மொட்டைமாடியில் ஒன்று, தெருப்பக்கம் இன்லெட் வேண்டும். இவற்றோடு, பின்னால் எழப்போகும் அண்டைக் கட்டடத்தை நோக்கி இருபுறமும் பிளாஞ்சு போட்டு அடைத்த ஓர் இணைப்பு முனையும் விட்டுவைக்க வேண்டும். அடுத்த மனையில் கட்டடம் எழும்போது அந்த அடைப்பைக் கழற்றி இரு குழாய்களையும் சேர்ப்பது பிளம்பருக்கு அரை நாள் வேலை.