பதினெட்டடி மேடை

மேதை பிறப்பிலேயே மேதை, சூழல் அவனுக்கு ஒரு பொருட்டன்று என்று வாதிடுவோர் இன்றும் உளர். கவிதைத் துறையில் இவ்வாதம் ஓரளவு எடுபடக்கூடும். வறுமையில் வாடும் கவிஞனும் ஒரு துண்டுக் காகிதத்தையும் பென்சிலையும் கொண்டு தன் கவிதையை எழுதிவிடலாம். நடனத்தை ஆக்குவோனின் நிலை அதுவன்று. அவன் தன் ஆக்கத்தை எழுதுவது பிற மனிதரின் உடல்களிலே. பயிற்சி பெற்ற ஆடுநர், ஒத்திகைக்கு ஓர் அறை, இசை, பல வார அவகாசம், இறுதியில் ஒரு மேடை ஆகிய இவையனைத்தும் கிடைத்தாலன்றித் தன் கற்பனை பொன்னா பித்தளையா என்பதை அவனாலேயே அறிய முடியாது. இவற்றை அவனுக்கு அளிப்பவர் யார்? அதற்கான செலவைச் சுமப்பவர் யார்? இவ்வினாக்களுக்கு விடை தேடுவோர், இங்கிலாந்தில் மேரி ரம்பேர் நிறுவிய பாலேக் குழுவின் வரலாற்றைக் கவனித்தல் பயனுடைத்து.

பாலே அரசவைகளில் வளர்ந்த கலை. பிரெஞ்சு மன்னரின் மாளிகையில் உருப்பெற்று, ருஷ்யச் சார் மன்னரின் பொருளுதவியால் செழித்தது. 1920களின் தொடக்கத்தில் இங்கிலாந்துக்கென நிரந்தரமான பாலேக் குழு எதுவும் இருக்கவில்லை. டியாகிலெவின் ருஷ்யக் குழு வரும்போது இலண்டன் சீமான்கள் திரண்டு சென்று பார்த்தனர். ஆங்கில ஆடுநர் தம் பெயர்களையே ருஷ்யப் பெயர்களாக மாற்றிக்கொண்டனர். அலிசியா மார்க்ஸ் என்ற இலண்டன் பெண் அலிசியா மார்க்கோவா ஆனது இவ்வாறுதான். உள்நாட்டார் ஆடலாம், ஆனால் புதிய பாலேயை ஆக்குவது அவர்களால் ஆகாது என்ற எண்ணம் வேரூன்றியிருந்தது.

இவ்வெண்ணத்தைத் தகர்த்தவர்களுள் ஒருவரான மேரி ரம்பேரும் ஆங்கிலேயர் அல்லர். 1888ஆம் ஆண்டில் வார்சோ நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர். 1905இன் புரட்சிக் கொந்தளிப்பில் மகள் ஈடுபடுவதைக் கண்டு அஞ்சிய பெற்றோர், மருத்துவம் கற்க எனக் கூறி அவரைப் பாரிசுக்கு அனுப்பினர். அங்கே அவர் நடனத்தைத் தேர்ந்துகொண்டார். 1913இல் நிஜின்ஸ்கி 'வசந்தத்தின் சடங்கு' என்னும் பாலேயை ஆக்கியபோது, ஸ்ட்ராவின்ஸ்கியின் சிக்கலான தாளத்தை ஆடுநருக்குக் கற்பிக்க டியாகிலெவ் அமர்த்தியவர் இவரே. புதிய ஆக்கம் ஒன்று எத்துணை வேதனையோடு பிறக்கிறது என்பதை அருகிருந்து கண்ட அனுபவம் அவருக்கு வாய்த்தது. போர் மூண்ட 1914இல் இலண்டன் வந்தார். 1920இல் அங்கு நடனப் பள்ளியொன்றைத் தொடங்கினார்.

அப்பள்ளியின் மாணவருள் ஒருவர் பிரெடரிக் அஷ்ரன். நகரின் வணிக நிறுவனமொன்றிலே வேலை பார்த்துக்கொண்டு நடனம் பயின்றவர். நடனம் ஆக்கும் எண்ணம் அவருக்குப் பெரிதாக இருக்கவில்லை. அவரிடம் அவ்வாற்றல் உண்டெனக் கண்டு தூண்டியவர் ரம்பேரே. 1926 யூன் மாதம் ஹமர்சிமித் லிரிக் அரங்கில், பல்சுவை நிகழ்ச்சியொன்றின் பகுதியாக, 'நாகரிகத்தின் துன்பியல்' என்ற அவரது முதற் பாலே மேடையேறியது. தன் ஆடை வடிவமைப்புத் தோல்வியடைந்ததும் கத்தரிக்கோலால் தன்னுயிரை மாய்த்துக்கொள்ளும் தையற்கலைஞன் ஒருவனின் கதை அது. அது சிறிய ஆக்கமே. ஆயினும் ஆங்கில பாலேயின் பிறப்பை இந்நிகழ்விலிருந்து கணிப்போர் பலர்.

ரம்பேரின் கணவர் அஷ்லி டியூக்ஸ் ஒரு நாடகாசிரியர். தம் நாடகமொன்று ஈட்டித் தந்த வருமானத்தைக் கொண்டு நொட்டிங்ஹில் கேற் பகுதியில் பழைய தேவாலய மண்டபமொன்றை வாங்கினார். அதுவே மேர்க்குரி அரங்காயிற்று. மேடையின் அகலம் ஏறத்தாழ 18 அடி. பார்வையாளர் 150 பேர் வரையில் அமரலாம். 1931 முதல் 'பாலே மன்றம்' என்ற பெயரில், உறுப்பினர் சந்தாவுடன், இங்கு நிகழ்ச்சிகள் நடந்தன. பெரும்பாலும் ஞாயிறு இரவுகளிலேயே ஆடினர். ஏனைய அரங்குகள் மூடியிருக்கும் அந்நாளில் பிற இடங்களில் தொழில் புரிந்த ஆடுநரும் வந்து பங்குகொள்ள முடிந்தது. ஊதியமோ மிகச் சொற்பம்.

அன்ரனி ரியூடர் உருவானதும் இந்தக் குறுகிய மேடையிலேதான். சிமித்பீல்ட் இறைச்சிச் சந்தையில் எழுதுவினைஞராக வேலை செய்த தொழிலாளர் குடும்பத்து இளைஞர் அவர். 1928இல் ரம்பேரிடம் வந்தபோது வயது இருபது. பாலே ஆடுநருக்கு அது மிகப் பிந்திய வயது. எந்த அரசவைப் பள்ளியும் அவரை ஏற்றிருக்காது. ரம்பேர் ஏற்றார். பின்னர் மன்றத்தின் செயலாளராகவும் மேடை நிருவாகியாகவும் அவருக்கு வேலை கொடுத்தார். 1931இல் முதல் ஆக்கத்துக்கு வாய்ப்பளித்தார். ஐந்தாண்டுகள் அவர் மெல்ல மெல்லக் கற்றார்.

1936 சனவரியில் அரங்கேறிய 'லைலாக் தோட்டம்' அந்தப் பொறுமையின் விளைவு. காதலனை விட்டு, விரும்பாத ஒருவனை மணக்கவிருக்கும் பெண்ணின் பிரிவுபசார விருந்தே கதைக்களம். காதலனும் அங்கிருக்கிறான், மணமகனின் முன்னைநாள் காதலியும் அங்கிருக்கிறாள். எவரும் எதனையும் வெளிப்படையாகச் சொல்ல இயலாது. கையொன்று உயர்கிறது, யாரோ வரவே தாழ்கிறது. உயர்குடி ஒழுக்கம் மனித உள்ளத்தை எவ்வாறு நெரிக்கின்றது என்பதை இத்தகைய சிறு அசைவுகளால் ரியூடர் காட்டினார். பார்வையாளர் சில அடி தொலைவில் அமர்ந்திருந்த அரங்கில் விரலசைவும் பொருள் பெற்றது. அடுத்த ஆண்டில் வந்த 'இருண்ட இரங்கல்கள்', மாலரின் பாடல்களுக்கு, குழந்தைகளை இழந்த எளிய கிராமத்தவரின் துயரை ஆடியது. இளவரசரும் அன்னப்பறவைகளும் உலவிய பாலே மேடைக்குச் சாதாரண மக்கள் வந்து சேர்ந்தனர்.

பெண்களும் அங்கு ஆக்குநராயினர். 'நரியான நங்கை' என்ற கதையை 1939இல் பாலேயாக்கிய அன்ட்ரே ஹவார்ட் அவர்களுள் முதன்மையானவர்.

எனினும் இவ்வரலாற்றை வறுமையின் புகழ்பாடலாக ஆக்கிவிடலாகாது. வறுமை எவரையும் வளர்க்கவில்லை, வாய்ப்பே வளர்த்தது. வறுமையின் பயன் வேறு. வளர்ந்தவர்களைத் தக்கவைக்கும் ஆற்றல் அக்குழுவுக்கு இல்லாது போயிற்று. அஷ்ரன் 1935இல் பெரிய மேடையும் நிலையான ஊதியமும் உள்ள விக்-வெல்ஸ் குழுவுக்குச் சென்றார். அதுவே பின்னர் ரோயல் பாலே ஆயிற்று. ரியூடர் 1939இல் நியூயோர்க் சென்றார். விதைத்தவர் ஒருவர், அறுவடை வேறொருவருக்கு என்ற நிலையே தொடர்ந்தது. புதியோரை வளர்த்த செலவின் பெரும்பகுதியைச் சுமந்தவர், அரைகுறை ஊதியத்துக்கு ஆடிய ஆடுநரே என்பதையும் மறத்தல் தகாது.

இரண்டாம் உலகப் போரின்போது நிலைமை ஓரளவு மாறிற்று. 1943இல் அரசு சார்ந்த இசை, கலை ஊக்குவிப்புச் சபையின் ஆதரவில் குழு மீண்டும் இயங்கலாயிற்று. தொழிற்சாலைகளிலும் படைமுகாம்களிலும் அது ஆடிற்று. முன்னர் சந்தா செலுத்திய சிலருக்கே உரியதாயிருந்த கலை உழைப்பாளரை நேரிற் சந்தித்தது. ஆனால் போருக்குப் பின், ஊரூராகச் சென்று ரிக்கற் விற்றுப் பிழைக்கவேண்டிய குழுவுக்கு, 'கிசெல்' போன்ற பழம்பெரும் பாலேக்களே கைகொடுத்தன. அவற்றுக்குப் பெருங்குழு வேண்டும், பெருங்குழுவுக்குப் பெருஞ்செலவு, பெருஞ்செலவை ஈடுசெய்ய மேலும் பழைய பாலே. இச்சுழலில் புதிய ஆக்கம் மூச்சுத்திணறியது. 1958இல் 'இரு சகோதரர்' மூலம் தம் காலத்து இளைஞரை மேடைக்குக் கொண்டுவந்த நோர்மன் மொரிஸ் போன்றோர் விதிவிலக்காயினர்.

1966இல் துணிவான முடிவொன்று எடுக்கப்பட்டது. பெருங்குழு கலைக்கப்பட்டு, அனைவரும் தனியாடல் வல்லவரான சிறுகுழு ஒன்று மொரிசின் வழிகாட்டலில் அமைந்தது. மாபெரும் பழம் பாலேக்கள் கைவிடப்பட்டன; புதிய ஆக்கமே நோக்கமாயிற்று. இதனால் பழைய குழுவில் பலர் வேலையிழந்தனர் என்பதும் உண்மை. மறுபுறம், கலைக்கழகத்தின் பொதுப்பணம் புதிய முயற்சிகளுக்குப் பயன்படலாயிற்று. 1967இல் நுண்கலைக் கல்லூரி மாணவரின் காட்சியமைப்போடு குழுவின் ஆடுநர் தாமே ஆக்கிய நடனங்கள் மேடையேறின.

அவ்வழியில் வந்தவர் கிறிஸ்தோபர் புரூஸ். இளம்பிள்ளைவாதத்தால் தளர்ந்த கால்களை வலுப்படுத்தவே சிறுவயதில் நடனத்துக்கு அனுப்பப்பட்டவர். 1963இல் குழுவிற் சேர்ந்து, 1969இல் முதல் ஆக்கத்தை அளித்தார். 1981இல் அவர் படைத்த 'ஆவி நடனங்கள்' தென்னமெரிக்க மக்களைப் பற்றியது. அந்தீஸ் மலைநாட்டு இசைக்கு எளிய கிராமத்தவர் ஆடுகின்றனர். மண்டையோட்டு முகமூடி தரித்த மூவர் இடைபுகுந்து அவர்களை ஒருவர்பின் ஒருவராகக் கொண்டுசெல்கின்றனர். 1973இல் சிலியில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபின் கொல்லப்பட்ட பாடகர் விக்ரர் ஹாராவின் மனைவி யோன், ஓர் ஆங்கில நடனக் கலைஞர். அவருடன் ஏற்பட்ட தொடர்பு இவ்வாக்கத்துக்கு உந்துதலாயிற்று. அரசவையிற் பிறந்த கலை, அடக்குமுறைக்கு எதிரான சாட்சியாக நின்றது.

ரம்பேர் 1982இல் மறைந்தார். 1987இல் குழு தன் பெயரிலிருந்து 'பாலே' என்ற சொல்லை நீக்கிக்கொண்டது.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? ரியூடர் ஆற்றலுடன் பிறந்தவர் என்பதை எவரும் மறுக்கவில்லை. ஆனால் அவ்வாற்றலுடன் அவர் இறைச்சிச் சந்தையின் கணக்கேடுகளுக்கிடையே முதுமையெய்தியிருக்கலாம். அவ்வாறு முதுமையெய்தியோர் எத்தனை பேர் என்பதை எந்த வரலாற்று நூலும் பதிவுசெய்வதில்லை. தோல்வியடைந்த முதல் ஆக்கத்துக்குப் பின்னும் இரண்டாவதற்கு இடந்தரும் ஒரு மேடை இளங்கலைஞனுக்கு வேண்டும். அந்த மேடை ஒரு நாடகாசிரியரின் தற்செயலான வருமானத்திலோ, ஆடுநரின் குறைந்த ஊதியத்திலோ தங்கியிருத்தல் நீதியன்று. அதனைச் சமுதாயமே தன் பொறுப்பாக ஏற்றல் வேண்டும்.